ஜஸ்வந்த்கரில் ஒரு கட்டில்

விடியற்காலை நாலரை மணிக்குத் தேநீர், ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி, இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு. சாயங்காலமானால் கட்டிலில் விரிப்பு மாற்றி, கொசுவலை கட்டி, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வைக்கிறார்கள். இத்தனை பணிவிடையும் ஒரு சாதாரண ரைஃபிள்மேனுக்கு. அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அருணாசலப் பிரதேசத்தில் சேலா கணவாயைத் தாண்டி தவாங் நோக்கி இறங்கும் மலைச்சாலையில், சுமார் 10,000 அடி உயரத்தில் இருக்கிறது ஜஸ்வந்த்கர். 1962 இந்திய-சீனப் போரின் பதுங்கு குழிகள் சரிவில் இன்னும் தெரிகின்றன. அந்த ரைஃபிள்மேனின் நினைவகத்துக்குள் ஒரு மார்பளவுச் சிலை, சீருடை, படுக்கை. அந்த வழியாகப் போகும் ராணுவ வண்டி எதுவானாலும் நிற்கும். உள்ளே இருப்பவர் தளபதியே ஆனாலும் இறங்கி சல்யூட் அடித்துவிட்டுத்தான் போவார். சிப்பாய்களுக்கு அவர் ‘பாபா’. காலையில் விரிப்பு கசங்கியிருக்கும், பூட்ஸில் சேறு ஒட்டியிருக்கும் என்று அவர்கள் சொல்வதும் உண்டு. நடுகல்லுக்குக் கள் படைத்து மயிற்பீலி சூட்டிய மரபில் வந்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகப் படாது.

ஜஸ்வந்த் சிங் ராவத் பிறந்தது 1941 ஆகஸ்டில், கர்வால் மலைப்பகுதியில். பத்தொன்பது வயதில் கர்வால் ரைஃபிள்ஸில் சேர்ந்தார். சேர்ந்து இரண்டே ஆண்டுகளில் நான்காம் பட்டாலியனோடு நூராநாங்கில் நின்றார். சேலாவைப் பிடிக்க வரும் சீனப் படையை முன்னாலேயே மறித்து நிறுத்துவது அந்தப் பட்டாலியனின் வேலை.

1962 நவம்பர் 17. அன்று இரண்டு தாக்குதல்களைக் கர்வாலிகள் முறியடித்துவிட்டார்கள். மூன்றாம் முறை சீனர்கள் ஒரு நடுத்தர இயந்திரத் துப்பாக்கியை மிக நெருக்கத்தில் கொண்டுவந்து வைத்து, பதுங்கு குழிகளின் மேல் சரமாரியாகச் சுட்டார்கள். அதை அடக்காவிட்டால் யாரும் தலைதூக்க முடியாது. ஜஸ்வந்த் சிங், லான்ஸ் நாயக் திரிலோக் சிங் நேகி, ரைஃபிள்மேன் கோபால் சிங் குஸாயின் ஆகிய மூவர் கிளம்பினார்கள். நேகி பின்னாலிருந்து சுட்டு எதிரியின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்தார். மற்ற இருவரும் தரையோடு தரையாக ஊர்ந்து, கைக்குண்டு எட்டும் தூரம்வரை போய் எறிந்தார்கள். அந்த இயந்திரத் துப்பாக்கியையும் பிடுங்கிக்கொண்டார்கள். திரும்பும் வழியில்தான் வினை. நேகி வீழ்ந்தார், ஜஸ்வந்தும் வீழ்ந்தார். படுகாயத்தோடு கோபால் சிங் மட்டும் பிடித்த ஆயுதத்துடன் தங்கள் குழிக்கு வந்து சேர்ந்தார்.

ஜஸ்வந்துக்கு மகாவீர் சக்கரம், மற்ற இருவருக்கும் வீர் சக்கரம். பட்டாலியனுக்கு ‘நூராநாங்’ என்ற போர் விருதும் கிடைத்தது. தோல்வியும் பின்வாங்கலுமாகவே முடிந்த அந்தக் கிழக்கு முனையில் இப்படியொரு விருது எவ்வளவு அரிது என்பது படைக்காரர்களுக்குத் தெரியும்.

சாலையில் கேட்கும் கதை வேறு. அதில் ஜஸ்வந்த் தனியாள். சேலா, நூரா என்ற இரண்டு மோன்பா பழங்குடிப் பெண்கள் துணை நிற்க, இடம் மாற்றி இடம் மாற்றிச் சுட்டு, ஒரு பெரும்படையே எதிரில் இருப்பதாகச் சீனர்களை நம்பவைத்து 72 மணி நேரம் தடுத்து நிறுத்துகிறார். அவர் தலையை வெட்டிக் கொண்டுபோன சீனர்கள், வீரத்தை மெச்சி ஒரு பித்தளைச் சிலையோடு பிறகு அனுப்பிவைத்ததாகவும் அந்தக் கதை முடியும். கணவாய்க்கும் நூராநாங் அருவிக்கும் அந்தப் பெண்களின் பெயரே வந்தது என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது. 17-ஆம் தேதி இரவே பட்டாலியனுக்குப் பின்வாங்க உத்தரவு வந்துவிட்டது. சேலாவும் அன்றிரவே கைவிடப்பட்டது. மூன்று நாள் கழித்து சீனப்படை சேலாவுக்கும் தெற்கே இருக்கும் பொம்டிலாவையே தாண்டியிருந்தது. பெயர் விஷயமும் அப்படித்தான்: அந்தப் பக்கத்தில் ‘லா’ என்றாலே கணவாய். நாதுலா, ஜெலப்லா மாதிரி இதுவும் ஒரு ‘லா’.

மூன்று நாள் கதையில் நேகிக்கும் கோபால் சிங்குக்கும் இடமில்லாமல் போனதுதான் வருத்தம். ஒருவர் சுட்டு மறைக்க, இருவர் ஊர்ந்து போய், ஒருவர் மட்டும் திரும்பி வந்த அந்தச் சில நிமிடங்களுக்கு ஒப்பனை எதற்கு? இருபத்தோரு வயதுப் பையன் மலைச்சரிவில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு துப்பாக்கி வாயை நோக்கி நகர்ந்தான் என்பது போதாதா?

2024 மார்ச்சில் சேலா சுரங்கப்பாதை திறந்த பிறகு பனிக்காலத்திலும் வண்டிகள் வருகின்றன. சுரங்கத்தை விட்டு வெளியே வந்து கீழே இறங்கினால் ஜஸ்வந்த்கர். குளிரில் விரல் மரத்துப்போய் இறங்குகிறவர்களுக்கு அங்கிருக்கும் ஜவான்கள் சூடாகத் தேநீர் தருகிறார்கள். கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அந்தப் படுக்கையை எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோரும் வண்டியேறுகிறார்கள்.