அரை நாழிகை

ஏப்ரல் 24 வாக்கில் சித்தூரில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். நட்டு வைத்த குச்சியின் நிழல் சிறிது நேரம் காணாமலே போகும். போன வருஷம் அதைப் பார்த்தே தீருவதென்று மொட்டை மாடியில் பூந்தொட்டி மண்ணில் ஒரு முழக் குச்சியை நட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கைபேசியில் மணி பன்னிரண்டு ஆனது. நிழல் போகவில்லை. ஒரு விரல்கடை அளவுக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சி சாய்ந்திருக்கிறதோ என்று நூல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். நேராகத்தான் நின்றது. கடைசியில் நிழல் அடியோடு ஒடுங்கியபோது மணி 12:12.

பன்னிரண்டு நிமிஷம். ஒரு நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிஷம் என்றால் இது கச்சிதமாக அரை நாழிகை.

காரணம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நம் கடிகாரங்கள் எல்லாம் 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகின்றன. அது மிர்சாபூர் வழியாக இறங்கிக் காக்கிநாடா அருகே கடலுக்குப் போகிறது. சித்தூர் 79 பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிஷம். திருப்பதி கொஞ்சம் கிழக்கே இருப்பதால் அங்கே உச்சிப்பொழுது ஆகி ஒரு நிமிஷம் சொச்சம் கழித்துத்தான் சித்தூரில் ஆகும். முன்பு இவ்வளவு இடைவெளியும் கிடையாது. 1802-ல் சென்னை வானாய்வகத்தின் கோல்டிங்ஹாம் கணித்த மெட்ராஸ் நேரத்தில்தான் ரயில்கள் ஓடின. ரேணிகுண்டாவில் இறங்கியவருக்கு ரயில் மணிக்கும் வெயிலுக்கும் மூன்று நிமிஷம்தான் வித்தியாசம். 1906 ஜனவரி முதல் தேதி இந்திய நேரம் வந்தது, அந்த வித்தியாசம் பன்னிரண்டு நிமிஷம் ஆனது.

நிழல் மறைந்த அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது ரயில் அல்ல, எங்கள் அவ்வா சொன்ன ‘சண்டை மணி’.

அவ்வாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ஊர் காணிப்பாக்கத்துக்குப் பக்கம். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று மெட்ராஸ் பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு குடும்பம் இரண்டு மாதம் இருந்ததாம். அந்தச் செப்டம்பர் முதல் தேதி, நாடு முழுக்க மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். விளக்கெரிக்கிற நேரத்தைக் குறைத்துப் போருக்கு மிச்சம் பிடிக்க. 1945 அக்டோபர் பாதி வரை இந்தச் சண்டை மணிதான் ஓடியது.

எங்கள் கிணற்றுக்கு மூன்று பங்கு. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டுவதற்கு முறை உண்டு: பொழுது கிளம்பியதிலிருந்து உச்சிவரை ஒருவர், உச்சியிலிருந்து பொழுது சாயும்வரை இன்னொருவர், மூன்றாமவருக்கு மறுநாள் காலை, இப்படியே சுற்றிக்கொண்டு வரும். பங்காளிகளில் ஒருவர் கச்சேரியில் குமாஸ்தா. ஊரிலேயே அவரிடம்தான் கைக்கடிகாரம். ஒருநாள் தாத்தா மாடுகளைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து, “மணி பன்னண்டு ஆயிடுச்சு, அவுத்து விடுங்க” என்றார். தாத்தா அண்ணாந்து பார்த்தார். பொழுது இன்னும் கிழக்கேதான் இருந்தது. கரும்பில் நாலு பாத்தி பாக்கி.

அவர் பொய் சொல்லவில்லை. கடிகாரத்தில் பன்னிரண்டுதான். தள்ளி வைத்த ஒரு மணி நேரம் இரண்டரை நாழிகை. அதோடு யாருக்கும் தெரியாமல் 1906 முதல் உட்கார்ந்திருந்த சுமார் அரை நாழிகை. ஆக ஏறக்குறைய மூன்று நாழிகைத் தண்ணீர். கணக்கு இன்றைக்கு நான் போடுவது. அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், வானத்தில் ஒன்றும் மணிக்கட்டில் ஒன்றுமாக இரண்டு உச்சிகள் இருக்கின்றன என்பதுதான்.

பேச்சு முற்றிப் பத்து நாள் இரு வீட்டுக்கும் சோறு தண்ணீர் கொடுக்கல் வாங்கல் இல்லை. அவ்வா இதைச் சொல்லும்போது குரல் இறங்கும். அந்த வீட்டுப் பெண் அவளுக்குச் சிநேகிதி. கிணற்றடியில் பார்த்தும் பார்க்காததுபோல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். பிறகு மூன்றாவது பங்காளி, வயதில் மூத்தவர், ஒரு ராத்திரி எல்லோரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். கவலைக் கல்லுக்குப் பின்னால் நின்று அதன் உச்சிக்கு நேராகத் துருவ நட்சத்திரத்தைப் பிடித்தார். கல்லின் அடியிலிருந்து அந்தத் திசையில் பாறைமேல் சுண்ணாம்பால் ஒரு கோடு. தெற்குப் பக்கமும் அதையே நீட்டினார்கள். மறுநாள் கல்தச்சன் வந்து கோட்டை உளியால் வெட்டினான். நிழல் கோட்டில் விழுந்தால் முறை மாறும். “கச்சேரிக்குக் கச்சேரி மணி. கிணத்துக்குப் பொழுதுதான்” என்றாராம். குமாஸ்தா கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முதல் ஆளாகச் சரி என்றார். அவரைப் பற்றி அவ்வா ஒருநாளும் குறையாகப் பேசியதில்லை. “அவரும் என்ன செய்வாரு, அவருக்கு அங்க ஒரு மணி, இங்க ஒரு மணி” என்பாள்.

பஞ்சாங்கத்துக்கு அந்த மூன்று வருஷமும் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. அது சூரிய உதயத்திலிருந்து நாழிகையை எண்ணுகிறது. உதயத்தை யாரும் தள்ளி வைக்க முடியாது. திருமலையில் சுப்ரபாதமும் தோமாலையும் முடிந்து கொலுவு நடக்கும்போது, கொலுவு ஸ்ரீநிவாசமூர்த்திக்கு அன்றைய பஞ்சாங்கத்தைப் படித்துக் காட்டுவார்கள். திதி என்ன, நட்சத்திரம் என்ன, முந்தின நாள் வரவு எவ்வளவு என்று. காலத்தைப் படைத்தவனுக்கே இன்று என்ன பொழுது என்று ஒருவர் எடுத்துச் சொல்வதை நினைத்தால் எனக்கு எப்போதும் மனம் நெகிழும். மார்கழி பிறந்தால் சுப்ரபாதத்தை நிறுத்தித் திருப்பாவை சேவிப்பார்கள். பருவம் மாறினால் எழுப்புகிற பாட்டு மாறுகிறது. எனக்குத் தெரிந்ததில் அழகான கால மாற்றம் அதுதான். திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-ல் திறந்தது. அதில் முதலில் ஏறிய வண்டிகளும் சண்டை மணியில்தான் புறப்பட்டிருக்க வேண்டும். மலைமேல் பஞ்சாங்கம், மலைப்பாதையில் சண்டை மணி.

இரண்டு மணிகளோடு பத்து வருஷம் வாழ்ந்தவர் ஒருவரைத் திருப்பதியில்தான் சந்தித்தேன். கிளிநொச்சிக்காரர், சாமி கும்பிட வந்தவர். இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக 1996 மே மாதம் மணியை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார்கள். அக்டோபரில் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அதை ஏற்கவில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் மாறிவிடும். “கல்யாண வீட்டுக்குச் சொல்ல வந்தால் முதல் கேள்வி, பழைய நேரமோ புது நேரமோ என்பதுதான்” என்றார். 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பியது. “அதற்குள் எத்தனை பேர் இல்லை” என்று சொல்லிவிட்டு அவர் வரிசையில் நகர்ந்து போனார்.

மாடியில் குச்சி நட்டதற்கு மறுநாள் ஊருக்குப் போனேன். கிணறு வறண்டு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள். தண்ணீர் முறையை இப்போது மூன்று ஃபேஸ் மின்சாரம் வரும் நேரம்தான் தீர்மானிக்கிறது. சித்தப்பா மகன் அது நடுராத்திரி வந்த காலத்தில் டார்ச்சோடு போய் மோட்டார் போட்ட கதைகளைச் சொன்னான். கவலைக் கல் இரண்டில் ஒன்று மட்டும் நிற்கிறது. அடியில் எருக்கஞ்செடி. அதை ஒதுக்கி, மண்ணைக் கையால் தள்ளினேன். கோடு இருந்தது. ஒரு சாண் ஆழத்தில், உளித்தடம் இன்னும் தெரியும்படி.

சித்தப்பா மகன் கைபேசியைப் பாறைமேல் வைத்தான். இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். பன்னிரண்டு ஆனதும் “அவ்வளவுதானா?” என்றான். “இரு” என்றேன். கல்லின் நிழல் ஒரு சாண் கூட இல்லை. கோட்டுக்கு மேற்கே தயங்கி நின்றது. மெல்ல உள்வாங்கிக் கோட்டை நோக்கி வந்தது. 12:11. அவன் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான்.