மூடாத அலகு

கருங்குழி என்றதும் இலக்கிய அன்பர்களுக்கு வள்ளலார் நினைவு வரும். அது வடலூரை அடுத்த கருங்குழி. நான் குறிப்பிடுவது மதுராந்தகத்துக்கு வடக்கே உள்ள ஊர். இங்கே தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு அவ்வப்போது கதை சொல்லப் போவதுண்டு.

ஒருநாள் கதை முடிந்ததும் ஒரு பறவையை வரையச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் இரண்டு மலை, நடுவே சூரியன், மேலே வளைகோடுகளாய்ப் பறவைகள். வேடந்தாங்கல் பக்கத்தில்தான் இருக்கிறது! மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் வயலில் நிற்கும் நாரையை வரைந்திருந்தாள். அலகின் இரு பாதிகளும் நடுவில் சேரவில்லை. வகுப்பாசிரியை பென்சிலை வாங்கி அந்த இடைவெளியை அடைத்தார். சிறுமி வரைந்ததே சரி. வளர்ந்த நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாது. அவர் நகர்ந்ததும் அவள் ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை மட்டும் அழித்தாள்.

ஆசிரியையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. எல்லாப் பாடங்களும் பதிவேடுகளும் அவர் தலையில். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கலைக்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியரைக் கோருவது ஆறாம் வகுப்பு முதல்தான். அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தமிழக அரசு 2012இல் நியமித்த 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களும் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கே. அதற்குள் பிள்ளைகளின் கை அந்த இரண்டு மலைகளுக்குப் பழகிவிடுகிறது. மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி இருக்கும் மாவட்டம் இது.

டிசம்பரில் மூன்றாம் வகுப்பை வேடந்தாங்கலுக்கு அழைத்துச்செல்லத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார். தாளும் பென்சிலும் என் பொறுப்பு. எதை வரைவதென்று நான் சொல்லப்போவதில்லை.