இரண்டு கோடுகள்

அரசாங்கம் எழுதிக் கொடுத்த காசோலையை எந்த வங்கியில் நீட்டினாலும் பணம் கிடைத்தாக வேண்டும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. ரூபாய்த் தாளுக்குப் பின்னால் நிற்கும் அதே அரசுதானே காசோலைக்குப் பின்னாலும் நிற்கிறது என்பது அந்த நம்பிக்கையின் தருக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருப்பது. எழுதியவர் கணக்கில் போதிய பணம் இருந்து காசோலையும் முறையாக நீட்டப்பட்டால், அது எந்த வங்கியின்மீது எழுதப்பட்டதோ அந்த வங்கி பணம் தந்தாக வேண்டும் என்கிறது அதன் 31ஆவது பிரிவு. பிற வங்கிகளுக்கு அக்கடமை இல்லை. தரத் தவறிய வங்கி அப்பிரிவின்படி ஈடுசெய்ய வேண்டியதும் காசோலையை எழுதியவரின் இழப்பைத்தான். அதைக் கையில் வைத்திருப்பவரின் இழப்பை அன்று. முகப்பில் இரண்டு இணைகோடுகள் கிழிக்கப்பட்டிருந்தாலோ 126ஆவது பிரிவு குறுக்கே வருகிறது. அப்பணம் ஒரு வங்கியின் வழியாகவே போய்ச் சேரவேண்டும். கவுண்டரில் எண்ணிக் கொடுக்கலாகாது. மீறிக் கொடுத்து அது உரியவரல்லாத கைக்குப் போய்விட்டால், 129ஆவது பிரிவின்படி வங்கியே உரியவருக்குப் பொறுப்பு.

இந்த எச்சரிக்கை உணர்வு முழுவதும் வெள்ளையர் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. உண்டியல் என்றதும் இன்று நமக்குக் கோயில்தான் நினைவுக்கு வருகிறது. வணிகர் வழக்கில் அது பணமுறி. அதில் 'ஷா ஜோக்' என்றொரு வகை வடநாட்டுக் கடைவீதிகளில் வழங்கியது. ஷா என்பவர் சந்தையில் நாணயம் அறியப்பட்ட பெரிய மனிதர். அத்தகையவர் ஒருவருக்கே அந்த உண்டியலின் பணம் தரப்படும். கோடிட்ட காசோலையும் ஒருவகையில் ஷா ஜோக் உண்டியல்தான் என்று எனக்குத் தோன்றும். பெரிய மனிதர் இருந்த இடத்தில் வங்கிக் கணக்கு வந்து அமர்ந்திருக்கிறது.

2008இல் என் மாணவர் ஒருவருக்கு அரசின் உதவித்தொகை கோடிட்ட காசோலையாக வந்தது. அவர் வீட்டில் எவருக்கும் வங்கிக் கணக்கு இருந்ததில்லை. தந்தைக்குச் செங்கல் சூளையில் வேலை. தேர்வுக் கட்டணமும் விடுதிப் பாக்கியும் அந்தத் தொகையை நம்பி நின்றன. மாணவர் மூன்று முறை வங்கிக்குப் போய்த் திரும்பினார். முதல் முறை கணக்கு இல்லை என்றார்கள். இரண்டாம் முறை, அறிமுகம் செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை, 500 ரூபாய் இருப்பு வைக்கவேண்டும் என்றார்கள். இருப்பே இல்லாமலோ மிகக் குறைந்த இருப்பிலோ கணக்குத் தொடங்க வழிசெய்யுமாறு ரிசர்வ் வங்கி 2005 நவம்பரிலேயே வங்கிகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அச்செய்தி அந்தக் கிளையின் மேசைவரை வந்துசேரவில்லை போலும். நான் உடன் சென்று அறிமுகக் கையெழுத்திட்டேன். "நீங்க வந்துட்டீங்க, அப்புறம் என்ன சார்" என்றார் மேலாளர்.

வெளியே வந்ததும் மாணவர் கேட்டார்: "ஐயா, செக்குல எம்பேருதானே போட்டிருக்கு? உங்க கையெழுத்து எதுக்கு?"

அன்று அவருக்கு நான் ஷாவாக இருந்திருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு உவப்பாக இல்லை.

அந்த வங்கி கோட்டைப் பொருட்படுத்தாமல் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் வாதிடமாட்டேன். களவு போன காசோலையைப் பின்தொடர உதவுவதும் அதே கோடுதான். என் கேள்வி, கோடு கிழித்த கையை நோக்கியது. வங்கிக் கணக்கு இல்லாத குடும்பங்கள் என்று தெரிந்தே உதவித்தொகை வழங்கும் ஓர் அரசு, கணக்கில்லாமல் மாற்றமுடியாத தாளை அவர்களிடம் நீட்டுகிறது. நீட்டிய அன்றே 'வழங்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. பணம் கைக்கு வராதபோது, வங்கியைக் கேட்கும் உரிமை எழுதியவருக்கு இருக்கிறது. அவருக்கோ இழப்பு ஏதுமில்லை. இழப்பவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

காலம் மாறியிருக்கிறது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் 2023க்குள் 50 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் திறக்கப்பட்டன. உதவித்தொகையும் இன்று நேரே கணக்கில் சேர்கிறது. இது பெரிய மாற்றம், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று மாணவர்களாவது என் அறைக்கு வருகிறார்கள். ஒருவருக்கு ஆதார் இணைப்பு விடுபட்டிருக்கும். இன்னொருவருக்கு விவரங்களைப் புதுப்பிக்காததால் கணக்கு முடங்கியிருக்கும். அலுவலகத் திரையில் பணம் அனுப்பியாகிவிட்டது. கோடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

ஆகவே வங்கி தந்தாக வேண்டுமா என்பதோடு, கொடுத்தல் எப்போது நிறைவேறுகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. 'வழங்கிய நாள்' என்று அலுவலகம் எழுதும் தேதி, பணம் உரியவர் கைக்கு வந்த தேதியாக இருக்கட்டும். அப்படி ஒரு விதி வந்தால், கணக்குத் திறப்பதும் முடக்கத்தை நீக்குவதும் மாணவரின் கவலையாக மட்டும் இராது. பணத்தை அனுப்புகிறவரின் வேலையும் ஆகிவிடும்.