முதற்பந்து

சென்ற பொங்கலன்று நம் மன்றம் நடத்திய கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்த அன்பர்கள் என்னை மறந்திருக்க மாட்டார்கள். இந்நகரிலேயே வாழ்ந்து ஓய்வு பெற்ற நம்மவரான பேராசிரியர் ஒருவரைத் தலைமை விருந்தினராக அழைத்து, முதற்பந்தை வீசித் தொடங்கி வைக்குமாறு வேண்டினோம். குளிருக்குக் குரங்குக் குல்லாய் அணிந்திருந்த அப்பெரியவர் வீசிய பந்து இரண்டு முறை குதித்து, மூன்றாம் முறை குதிக்க மனமின்றி என்னிடம் வந்து சேர்ந்தது. நான் அதை விடுதிச் சுவருக்கு அப்பால் அடித்தேன். கூட்டம் ஆரவாரித்தது. அவரும் கைதட்டினார், பிறகு குல்லாயைச் சரிசெய்துகொண்டு மெல்ல நடந்துபோய் நாற்காலியில் அமர்ந்தார். அந்த நடை அப்பொழுது என் கண்ணில் படவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் பட்டது.

ஒருநாள் நூலகத்தில், செய்முறைக் குறிப்பேடு எழுத வேண்டிய நேரத்தில், பேஸ்பால் ஆட்டத்தின் வரலாற்றைப் படித்துக் கொண்டிருந்தேன். (என் ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில் இதைச் சொல்கிறேன்.) அமெரிக்காவில் இந்த முதற்பந்துச் சடங்கு பெரும் புகழ் பெற்றது. 1910 ஏப்ரல் 14-இல் ஜனாதிபதி டாஃப்ட், வாஷிங்டனில் பார்வையாளர் வரிசையில் இருந்தபடியே பந்தை எறிந்தார். பின்வந்தவர்களும் அவ்வழியே சென்றார்கள். 1940-இல் ரூஸ்வெல்ட் எறிந்த பந்து பத்திரிகைக்காரர் ஒருவரின் காமிராவைப் பதம் பார்த்ததாம்! இக்காலத்தில் விருந்தினர் மைதானத்தின் நடுவே இறங்கி வீசவேண்டும். தூரம் 60 அடி 6 அங்குலம். பந்து தரையில் பட்டால் கூட்டம் எள்ளி நகையாடும். 2001-இல் நியூயார்க்கில் வீசப்போன ஜனாதிபதி புஷ்ஷையே, ஜீட்டர் என்னும் ஆட்டக்காரர் அவ்வாறு எச்சரித்தார். குண்டு துளைக்காத உட்சட்டையுடன் சென்ற புஷ் சரியாகவே வீசினார்.

ஆனால் என் நெஞ்சைத் தொட்டது ஜப்பானியர் கதை. 1908-இல் டோக்கியோவில் வசேதா பல்கலைக்கழக மாணவர்கள் அமெரிக்க அணி ஒன்றுடன் ஆடினார்கள். முதற்பந்தை வீசியவர் அப்பல்கலைக்கழகத்தை நிறுவிய ஒகுமா, முன்னாள் பிரதமர், எழுபது வயது, 1889-இல் வெடிகுண்டுத் தாக்குதலில் ஒரு காலை இழந்தவர். பந்து எங்கோ விலகிப் போயிற்று. எதிரே மட்டையுடன் நின்ற மாணவன் என்ன செய்தான் தெரியுமா? எட்டாத அந்தப் பந்துக்கு மட்டையை வீசி, வேண்டுமென்றே தவறவிட்டான். பேஸ்பாலில் மட்டை வீசித் தவறவிட்டால் அது பந்து வீசியவருக்கே வெற்றி. கோணல் பந்து ஒரு நொடியில் நல்ல பந்தாகிவிட்டது! இன்றும் ஜப்பானில் முதற்பந்துக்கு எதிரே நிற்பவர் வீணே மட்டை வீசுவதுதான் வழக்கம்.

புத்தகத்தை மூடினேன். அவனும் மாணவன், நானும் மாணவன்.

இவ்வாண்டும் அவரையே அழைப்பதென்று மன்றம் முடிவு செய்தது. அழைப்பிதழைக் கொடுக்க நானே போனேன். தவறவிடுவதென்று தீர்மானித்தாயிற்று, ஆயினும் அது அத்தனை எளிதன்று. நடிப்பென்று அவர் கண்டுகொண்டால் அந்தச் சிக்ஸரைவிட அது கொடுமையாகாதா? இந்தக் கவலையுடன் நான் நின்றிருக்க, அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "தம்பி, அந்தப் பந்து கிடைத்ததா?"

"இல்லை, சார்."

"போகட்டும். இந்தத் தடவை சுழற்பந்து போடப் போகிறேன். பார்த்து ஆடு."