மைசூரில் முதற் குளிர்காலமும் வெந்நீர் ஹண்டேயும்

கரிசற் பூமியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிர் என்பது பெரும்பாலும் கேள்விப்பட்ட செய்தியே அன்றி அனுபவம் அன்று. கோவில்பட்டியில் மார்கழி விடியலில் மேல்துண்டைத் தலையிற் சுற்றிக்கொண்டால் குளிருக்குரிய மரியாதை முழுவதும் செலுத்தியாயிற்று. ஹுப்பள்ளியில் தனியறையில் சில ஆண்டுகள் காலந்தள்ளிய பிறகு, மைசூருக்கு மாற்றல் உத்தரவு கிடைத்ததும், குடும்பத்தை ஊரிலிருந்து வரவழைத்தோம். தூத்துக்குடி வண்டியில் தாயாரும் இல்லாளும் எட்டுமாதக் குழந்தையும் வந்து இறங்கிய அந்த ஐப்பசிக் காலையில், வரவேற்கப் போன எங்கள் கையில் ஒரு கம்பளிகூட இல்லை. அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு நேர்ந்தவற்றைச் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லிவைப்பது நலமென்று தோன்றுகிறது. நம்மவர்களில் பலர் வெப்பமான ஊர்களிலிருந்து வந்தவர்களல்லவா?

மைசூரு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அதிகாலை வெப்பம் சாதாரணமாக 16 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். 2012 ஜனவரியில் 7.7 பாகை வரை இறங்கிற்று. நார்வேயிலும் கனடாவிலும் வீடு முழுவதையும் விறகடுப்பால் சூடாக்கி வாழ்வோர் இந்தக் கணக்கைக் கேட்டால் நகைப்பார்கள். ஆனால் அவர்கள் வீடு குளிருக்கென்று கட்டப்பட்டது. எங்கள் உடம்போ வெயிலுக்கென்று கட்டப்பட்டது. குக்கரஹள்ளி ஏரியின்மேல் பனி படர்ந்து, சாமுண்டி மலை இருந்த இடமே தெரியாமல் மறைந்திருக்கும் வேளையில், காலை ஆறு மணி முறைக்குப் பார்சல் அலுவலகம் போய்ச் சேர வேண்டுமானால் நாலரைக்குக் குளித்தாக வேண்டும். தொட்டித் தண்ணீரைத் தொட்டால் விரல் சுரீரென்று பின்வாங்கும்.

நாங்கள் குடியேறியது சாமராஜபுரத்தில் ஒரு வட்டாரம். கன்னடத்தார் 'வடார' என்பது நம் ஊர் ஒண்டுக்குடித்தனம் போன்றது; நடுவே முற்றம், சுற்றிலும் வீடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் இந்நகரை வாட்டிய பிறகு, 1903ஆம் ஆண்டில் நகர மேம்பாட்டுக்கென்று ஒரு குழு நிறுவப்பட்டது. அகலமான தெருக்களும் காற்றோட்டமான மனைகளும் வேண்டுமென்ற கருத்து அப்போது வேரூன்றியது. ஜனங்கள் மூச்சுவிடுவதற்காகத் திட்டமிட்ட ஊர் இது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எங்களுக்கு அது தலைகுனிவைத் தந்தது.

வீட்டின் பின்கட்டில் குளியலறை. அதன் மூலையில் இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல் மேடை. அதற்குள் கழுத்துவரை புதைந்த பெரிய செப்புப் பாத்திரம். கீழே அடுப்பு வாய். சுவரோடு ஒட்டிக் கூரையைத் துளைத்துப் போகும் புகைக்குழாய். பாத்திரத்துக்கு ஹண்டே என்று பெயர். நம் அண்டாவுக்கு உறவு போலும். அடுப்பை 'ஒலெ' என்கிறார்கள். அது நம் உலையேதான். புகை 'ஹொகெ' ஆயிற்று. மின்சாரக் கொதிகலன் வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரம்மாளிடம் கேட்டோம். எழுபது வயது கடந்தவர். வட்டாரத்தில் எல்லோரும் அஜ்ஜி என்றே அழைப்பார்கள். பழைய மின்கம்பி தாங்காது என்று சொல்லிவிட்டு, "ஹண்டே இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

குறை ஹண்டேயில் இல்லை, எங்களிடம் இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்தில் விறகு என்றால் சீமைக்கருவேல்தான். வெட்டிய ஈரம் காயுமுன்னே வைத்தாலும் நின்று எரியும் மரம் அது. அந்த நினைப்பிலேயே சௌதெ டிப்போவுக்குப் போய், இரண்டு குவிண்டால் விறகு எடைபோட்டு வாங்கிவந்தோம். மாவும், குடகுத் தோட்டங்களிலிருந்து வரும் சில்வர் ஓக்கும், நீலகிரியும் கலந்த விறகு. மைசூரில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நல்ல மழை பெய்யும். அந்த மழையில் நனைந்தே கிடந்த விறகைத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

முதல் ஒரு மாதம் பட்ட பாட்டை என்னென்று சொல்வது! கட்டையின் ஒரு முனையில் தீ. மறுமுனையில் நுரை கொப்பளித்துச் சொட்டும் நீர். இல்லாள் ஊதி ஊதிக் கண்சிவந்து நிற்பாள். நாள் ஒன்றுக்கு ஆறேழு கிலோ எரித்தும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. ஒருநாள் அஜ்ஜி வந்து எட்டிப்பார்த்தார். ஒரு கட்டையை எடுத்து மற்றொன்றின்மேல் தட்டினார். 'தொப்' என்றது. "ஹசி சௌதெ" என்றார். பச்சை விறகு. பிறகு தம் வீட்டிலிருந்து இரண்டு கட்டைகளைக் கொண்டுவந்து தட்டினார். மணியோசைபோல் 'டங்' என்று ஒலித்தது. "இது ஒணகித சௌதெ." உணங்கிய விறகு என்று நம் பழந்தமிழிலேயே சொல்லிவிடலாம். முனையில் நட்சத்திரம்போல் வெடிப்புகள் ஓடியிருந்தன. பட்டை தானே கழன்று வந்தது. எரிக்கத் தகுந்த விறகை அறிய இவ்விரண்டு அடையாளங்கள் போதும். வேறு கருவி வேண்டுவதில்லை.

பார்சல் எழுத்தனுக்கு எடைபோட்டுப் பார்க்காவிட்டால் மனம் அமைதியடையாது. ஒரு கட்டையில் நூல் கட்டி அடையாளம் வைத்துத் தராசில் நிறுத்தோம். கார்த்திகையில் 2 கிலோ 400 கிராம் இருந்தது மாசியில் 1 கிலோ 650 கிராம் ஆயிற்று. முக்கால் கிலோ தண்ணீருக்கு விறகின் விலை கொடுத்திருக்கிறோம்! புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராகவே இருக்கக்கூடும். அந்த நீரை ஆவியாக்கிய பிறகே கட்டை ஒழுங்காகத் தீப்பற்றும். ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைவிட, கொதித்த அதே நீரை ஆவியாக்க ஆறு மடங்குக்கு மேல் வெப்பம் செலவாகும். ஆக, ஹண்டேயிலுள்ள நீரைக் காய்ச்சுவதாக எண்ணி, கட்டைக்குள் இருந்த நீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். அறுபது லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 50 பாகைக்கு உயர்த்தக் கணக்குப்படி அரைக் கிலோ உலர்ந்த விறகின் வெப்பமே போதும். மிச்சமெல்லாம் சுவருக்கும் வானத்துக்கும் தானமாகப் போகிறது.

அந்தத் தானத்தைக் குறைக்கவும் வழி உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய குமார் ரெட்டி 1974இல் தொடங்கிய 'அஸ்த்ரா' என்னும் கிராமத் தொழில்நுட்ப அமைப்பினர், பின்னர் 'அஸ்த்ரா ஒலெ' என்றோர் அடுப்பை உருவாக்கினார்கள். விறகைத் தரையில் வைக்காமல் கம்பித் தட்டின்மேல் வைத்தால் அடியிலிருந்து காற்று ஏறித் தீ முழுமையாக எரியும் என்பது அதன் அமைப்பில் முக்கியமான ஓர் அம்சம். கொல்லரிடம் சொல்லி எங்கள் அடுப்புக்கும் ஒரு கம்பித் தட்டுச் செய்துகொண்டோம். ஈர விறகால் புகைக்குழாயின் உட்புறம் தார்போலக் கரிப்பிசின் அப்பிக்கிடந்ததையும் சுரண்டி எடுத்தோம். ஒரு வாளி நிறைந்தது. அஜ்ஜி கொடுத்த சிரட்டையும் காய்ந்த பாளையும் பற்றவைக்க உதவின. மார்கழி பிறந்தபோது மூன்று கிலோவில் வேலை முடிந்தது. சிறிது கர்வமும் வந்தது.

அந்த மார்கழியின் நடுவில் ஓரிரவு. குழந்தைக்குச் சளி, நெஞ்சு கரகரவென்றது. மாலையில் ஹண்டே அடுப்பில் தணல் நன்றாகக் கனன்றிருந்தது. தாயார் அதை ஓர் இரும்புச் சட்டியில் வாரி எடுத்துப் படுக்கையறையில் வைத்தார். சன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய வேட்டியைக் கிழித்துச் செருகினார். கதகதப்பாக இருந்தது. புகை சிறிதும் இல்லை. குழந்தையும் உறங்கிற்று. இத்தனை நாளும் இந்த யுக்தி தோன்றவில்லையே என்று நாங்களும் மகிழ்ந்து படுத்தோம்.

நாலு மணிக்கு முன்பு அலாரம் அடித்தது. எழுந்தால் கால் நிற்கவில்லை. தலை பிளப்பதுபோல் வலி. இல்லாளை அழைத்தால் பதில் இல்லை. உலுக்கியும் கண் திறக்கவில்லை. எப்படித் தாழ்ப்பாளைத் திறந்தோம் என்பது நினைவில்லை. வாசலில் விழுந்த ஓசை கேட்டு அஜ்ஜி ஓடிவந்தார். "கிடகி தெகெயிரி! கிடகி தெகெயிரி!" என்ற அவர் குரல் மட்டும் காதில் நிற்கிறது. சன்னலைத் திறக்கச் சொன்னவர், எங்கள் பதிலுக்குக் காத்திராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துப் பனியில் போய் நின்றார். முதலில் அது அழவில்லை. பிறகு அழுதது. அத்தகைய இனிய ஓசையை நாங்கள் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

மருத்துவமனையில் எல்லோருக்கும் பிராணவாயு வைத்தார்கள். மருத்துவர் விளக்கினார்: காற்றுப் போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு எழும், நிறமில்லை, மணமில்லை, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். புகையாவது இருமவைத்து எச்சரிக்கும், தணல் எச்சரிக்காது. மூடிய குளியலறையில் எரிவாயுக் கொதிகலனால் நேரும் சாவுகளும் இதே வாயுவால் நேர்பவைதாம் என்றார். சங்கத்துக் குடும்பங்களில் அக்கருவியை வைத்திருப்போர், அதைக் குளியலறைக்கு வெளியே மாற்றி வைக்கும்படி மிகுந்த வணக்கத்தோடு கேட்டுக்கொள்கிறோம்.

வீடு திரும்பிய பிறகு தாயார் இரண்டு நாள் பேசவில்லை, குழந்தையையும் தொடவில்லை. மூன்றாம் நாள்தான், "நம்ம ஊர்ல உங்களை எல்லாம் கணப்புப் பக்கத்துல போட்டுத்தானே வளர்த்தேன்" என்றார். உண்மைதான். அந்த வீட்டுக்குப் பனையோலைக் கூரை. ஓலைக்கு ஆயிரம் மூச்சு வழிகள். இந்த அறைக்கோ பிற்காலத்தில் போட்ட சிமெண்டுத் தளம். இருந்த ஒரு மூச்சையும் வேட்டி கொண்டு அடைத்துவிட்டோம். அவரிடம் இதைச் சொன்னோம். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. அன்று மாலை அஜ்ஜி வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், குழந்தையைத் தாயார் மடியில் வைத்துவிட்டுப் போனார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, அதனால் நல்லதாயிற்று.

இப்போது தணல் அடுப்பை விட்டு அசைவதில்லை. குளியலறையின் மேற்சன்னலில் கண்ணாடியைக் கழற்றிக் கம்பிவலை போட்டிருக்கிறோம். தண்ணீர் காய்ந்து, தீ அவிந்த பிறகே உள்ளே போய்க் குளிப்பது. குளிர்நாட்டு வீடுகளில் மாட்டிவைக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கிப் படுக்கையறையில் வைத்தோம். அதன் சிறிய பச்சை விளக்கைத் தாயார் இரவில் எழுந்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

இந்தக் குளிர்காலத்துக்கான விறகை மாசியிலேயே வாங்கி, பிளந்து, தாழ்வாரத்தில் காற்றுப் புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிவிட்டோம். நீலகிரியைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்தால் கோடரி தெறிக்கும். நரக சதுர்த்தசிக்கு முதல்நாள் இங்கே 'நீரு தும்புவ ஹப்ப', அதாவது நீர் நிரப்பும் பண்டிகை. நாம் மறுநாள் விடியலில் கங்கா ஸ்நானம் செய்வதற்கு இவர்கள் முதல்நாளே பாத்திரத்துக்குப் பூசை செய்கிறார்கள். நேற்று மாலை தாயாரும் அஜ்ஜியும் புளி போட்டு ஹண்டேயைத் துலக்கினார்கள். தேவராஜ மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த பாகற்கொடியை அதன் கழுத்தில் சுற்றினார்கள். கொடி சற்று நீளம். மிஞ்சியதைக் குழந்தை இழுத்துக்கொண்டு முற்றம் முழுவதும் ஓடிற்று.