பக்கத்து வீட்டு முசியேவின் நான்கு செடிகள்

இந்த ஆண்டு மே மாதம் முதல் அக்டோபர் வரை கனடாவில், ஒட்டாவா நகரத்தின் கிழக்கு ஓரமான ஒர்லேயானில், மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து பார்க்கிற நண்பர்கள் எல்லாம் "ஆறு மாசம் எப்படிப் பொழுது போச்சு?" என்று கேட்கிறார்கள். பாதிப் பொழுது பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் போயிற்று. அங்கே வளர்ந்தது என்ன செடி என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கஞ்சாச் செடி. எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

முதலில் சட்டம். முப்பத்தெட்டு ஆண்டு கோப்பு பார்த்தவனுக்கு அதுதான் முதலில் வரும். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்தவர்கள் கஞ்சா வைத்துக்கொள்ளலாம், ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயது ஆகியிருக்க வேண்டும். ஆற்றைக் கடந்தால் கியூபெக் மாகாணம். அங்கே வீட்டில் ஒரு செடிகூட வளர்க்கக் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒர்லேயானில் பெட்ரி தீவுக் கரையில் நின்றால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது. இக்கரையில் தோட்டச் செடி, அக்கரையில் குற்றம். நமக்கு இது ஒன்றும் விசித்திரமில்லை. கோரிமேடு தாண்டியதும் பாட்டில் குற்றமாகிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்! நம் நாட்டில், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சா பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மாடியில் தொட்டி வைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் போலவே ஓய்வுபெற்ற அரசு எழுத்தர். வீட்டில் பிரெஞ்சு பேசும் ஒன்டாரியோக்காரர். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று நான் "போன்ழூர் முசியே" என்றதும் கையிலிருந்த மண்வாரியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். என் பிரெஞ்சைக் கேட்டால் சிறுவயதில் அவருக்குப் பாடம் சொன்ன பாதிரியார் நினைவுக்கு வருகிறாராம். நம் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு அப்படித்தானே! அவருடைய மனைவிக்குக் கை விரல்களில் முடக்குவாதம். மதாமால் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் சேர்த்துத்தான் பிடிக்க முடியும். இரவில் வலியால் தூக்கம் கிடையாது. மருத்துவருக்குத் தெரிந்தே கடையில் கஞ்சா எண்ணெய் வாங்கிக் கொடுத்து வந்த முசியே, ஓய்வு பெற்ற பிறகு தாமே வளர்க்கத் தொடங்கியிருந்தார்.

அவர் வளர்ப்பது 'ஓட்டோ' வகை. தானாகப் பூக்கும் செடி என்று பொருள். எனக்கு நேரு வீதி ஆட்டோ ஸ்டாண்டுதான் நினைவுக்கு வந்தது. சாதாரணக் கஞ்சாச் செடி பகல் குறைந்து இரவு நீண்டால்தான் பூக்கும். ஒட்டாவாவில் ஜூன் மாதத்தில் பகல் பதினைந்தரை மணி நேரத்துக்கும் மேல். ஆகஸ்டு நடுவில்தான் பதினான்கு மணிக்கு இறங்குகிறது. அதன் பிறகு பூத்து முற்றுவதற்குள் அக்டோபர் உறைபனி வந்துவிடும். இந்தத் தொல்லைக்கு வழி சொன்னது ருடெராலிஸ் என்ற காட்டு வகை. ரஷ்யாவில் தானாக முளைத்துக் கிடந்த அந்தக் குட்டைச் செடிக்கு 1924இல் பெயர் வைத்தார்கள். அங்கே கோடை குறுகியது என்பதால் அது பகல், இரவைப் பார்ப்பதில்லை. முளைத்து நான்கைந்து வாரமானால் பூத்துவிடும். அதைத் தோட்ட வகைகளோடு கலந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லோரைடர் என்ற ஓட்டோ வகை விற்பனைக்கு வந்தது. இப்போது பல வகைகள். விதையிலிருந்து அறுவடைக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் போதும்.

கேட்டதும் எனக்குப் பணிப்பதிவேடு ஞாபகம் வந்தது. பிறந்த தேதி ஒன்றுதான் கணக்கு. நன்றாக வளர்ந்ததா, குன்றிக் கிடக்கிறதா என்று பார்க்காமல் தேதி வந்ததும் பூக்கச் சொல்லிவிடும். முசியேவிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

மே முதல் வாரத்தில் நான்கு விதைகளையும் வீட்டுக்குள், நேராகப் பெரிய தொட்டியிலேயே ஊன்றினார். ஓட்டோ செடியைத் தொட்டி மாற்றினால் வேர் அதிர்ச்சியில் ஒரு வாரம் வீணாகும், அந்த வாரத்தை அது திருப்பித் தராது என்றார். அந்த ஊரில் விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை கடந்தால்தான் செடிகளை வெளியே வைப்பார்கள். அப்படித்தான் வைத்தோம். இரண்டாம் நாளே ஓடில்லா நத்தை ஒன்று முதல் செடியைத் தண்டோடு தின்றுவிட்டுப் போயிற்று.

பிறகு ஐந்தாறு நாள் விடாத குளிர் மழை. இரண்டாவது செடியின் குருத்து கருகி, இலை மஞ்சளாயிற்று. வெயில் வந்ததும் தேறிக்கொண்டது. ஆனால் அதன் கடிகாரம் நிற்கவில்லை. ஒரு சாண் உயரம்கூட இல்லாதபோதே கணுவில் இரண்டு வெள்ளை இழைகள் எட்டிப் பார்த்தன. பூக்கத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். முசியே பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதிலிருந்து கடைசியில் கிடைத்தது ஒரு கைப்பிடி. மூன்றாவது செடி ஒழுங்காக வளர்ந்து, ஐந்தாம் வாரம் பூத்து, ஜூலைக் கடைசியில் அறுவடைக்கு வந்தது.

நான்காவது செடிதான் எங்களைப் படுத்தியது. எட்டு வாரமாகியும் பூவில்லை. மார்பளவு உயர்ந்து இலையாகத் தழைத்தது. தானாகப் பூக்கும் குணம் தாய், தந்தை இரண்டு பக்கமும் வந்தால்தான் செடியில் வெளிப்படுமாம். ஒரு பக்கம் விட்டுப்போனால் பழைய வழக்கப்படி இருட்டுக்குக் காத்திருக்கும். விதைப் பொட்டலத்தில் அப்படி ஒன்றிரண்டு கலந்து வருவதுண்டு என்றார். பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். "பொறுங்கள், இரவுகள் வரட்டும்" என்றார்.

இந்த இரவு விஷயத்தை முதலில் கவனித்தவர் ழூலியன் தூர்னுவா என்ற பிரெஞ்சு தாவரவியலாளர் என்று அங்கே இருந்தபோது படித்தேன். 1912 வாக்கில் பாரிசில் கஞ்சாச் செடியையும் ஜப்பானிய ஹாப்ஸ் கொடியையும் வைத்துச் சோதித்து, பகல் குறைவதைவிட இரவு நீள்வதுதான் பூக்கக் காரணம் என்று எழுதினார். 1914இல் முதல் உலகப் போரில் இறந்துபோனார். நம் கடற்கரைச் சாலையில் நிற்கிற பிரெஞ்சு நினைவுச்சின்னமும் அந்தப் போரில் மாண்டவர்களுக்காக எழுந்ததுதான். ஆராய்ச்சியை முடிக்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு இருவரும் புகையிலைச் செடியில் இதை முழுமையாக நிறுவினார்கள்.

ஆகஸ்டு மூன்றாம் வாரம் நான்காவது செடியில் வெள்ளை இழைகள் தெரிந்தன. அன்றைக்குத்தான் முசியே என்னைக் கேட்டார்: "நீங்கள் தினமும் வந்து பார்க்கிறீர்கள், ஆனால் ஒருநாளும் இலையைத் தொட்டதில்லையே, ஏன்?"

என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். என்னைவிட நான்கு வயது இளையவன். 1972இல், பதினேழு வயதில், கூட்டாளிகளோடு சேர்ந்து கஞ்சா புகைக்கத் தொடங்கினான். இருபது வயதில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நடுராத்திரியில் எழுந்து கதவைத் திறப்பான். எத்தனையோ மருத்துவம் பார்த்தோம். 1984இல் சென்னையில் இறந்தான். மூளைக் காய்ச்சல் என்று அம்மா உறவினர்களுக்குச் சொன்னார். அதுவே குடும்பத்தின் பதிவாயிற்று. அந்தச் செடியின் பெயரே அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒலித்ததில்லை. பிரெஞ்சில் சொல்லும்போது எனக்கு வாய் கூசவில்லை. 'ஷான்வ்ர்' என்பது பள்ளிக்கூடத்தில் கயிறும் பாய்மரத் துணியும் தரும் பயிர் என்று படித்த சொல். அந்தச் சொல்லைச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் அழுததில்லை.

முசியே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. மகளும் பிரெஞ்சு படித்தவள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்தாள். "சித்தப்பா அப்படியா போனார், அப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். பேரனையும் கூப்பிட்டாள். அவனுக்குப் பதினாறு வயது. தெருமுனையிலேயே கஞ்சாக் கடை இருக்கிற ஊரில் வளர்கிறவன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "தாத்தா, ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க. சின்ன வயசுல தொடக்கூடாது, மூளை இருபத்தஞ்சு வரைக்கும் வளருது, குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்திருந்தா தொடவே கூடாதுன்னு. நம்ம வீட்டுல யாருக்கும் இல்லைன்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன்."

செப்டம்பர் கடைசியில் இரவுக் குளிர் நாலைந்து டிகிரிக்கு இறங்கியது. நானும் முசியேவும் மாலையில் பழைய படுக்கை விரிப்பால் செடியை மூடி, காலையில் எடுப்போம். ஈரத்தில் ஒரு பூங்கொத்து சாம்பல் பூசணம் பிடித்தது. அதை மட்டும் வெட்டி எறிந்தார். தபால்தலை பார்க்கும் உருப்பெருக்கியை எடுத்து வந்து, பூவின் மேல் பனித்துளி போல் நிற்கும் பிசின் மணிகளை எனக்குக் காட்டினார். கண்ணாடி போலிருந்தால் காய், பால் நிறமானால் பக்குவம். அக்டோபர் இரண்டாம் வாரம் வெட்டி, நிலவறை இருட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தினார். தாமதமாகப் பூத்த அந்த ஒன்றுதான் மற்ற இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம் கொடுத்தது.

அதை அடுப்பில் மெல்லச் சூடாக்கி, வெண்ணெயில் காய்ச்சி, மதாமுக்கு இரவில் ரொட்டியில் கொஞ்சம் தடவித் தருகிறார். வலி போயிற்றா என்றால், இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரைகளையும் நிறுத்தவில்லை. ஆனால் சில இரவுகளில் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறார். அந்த மறுநாள் முசியேவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் தம்பியை அழித்ததும் மதாமைத் தூங்க வைப்பதும் ஒரே செடிதான். யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் பலருக்குப் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அங்கே சட்டம் மாறிவிட்டது, கடையில் கிடைக்கிறது. நம் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால், அது அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நாம் சொல்லாவிட்டால் சொல்ல வேறு யாரும் இல்லை.

தம்பி இருந்திருந்தால் அவனுக்கு இந்த ஆண்டு எழுபது வயது ஆகியிருக்கும். அவன் படம் வேண்டும் என்று பேரன் கேட்டான். 1971இல் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் இருக்கிறது. போன வாரம் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன்.