எக்ஸாஸ்ட் பிரேக் ஏன் பிடிக்கல?

டீசல் வண்டியில ஆக்சிலரேட்டரை விட்டா பெட்ரோல் வண்டி மாதிரி இழுத்துப் பிடிக்காது. உள்ளே வர்ற காற்றை அடைச்சு நிறுத்துற சமாச்சாரம் அதுல நடக்கிறதில்ல. அதனால பின்வாசலை அடைக்கிறாங்க. டர்போவுக்குள்ள இருக்கிற சின்ன இறக்கைகள் நெருங்கி, புகையைச் சுலபமா வெளியே விடாது. பிஸ்டன் முக்கி முக்கித் தள்ளணும். அந்தத் திணறல்தான் எக்ஸாஸ்ட் பிரேக்.

கொலராடோவில காலேஜ் சீனியர் அண்ணன் ஒருத்தர் வச்சிருக்கிற பிக்கப்பில இதுதான் தகராறு. பின்னாடி கேம்பர், எல்லாம் சேர்த்து எட்டு டன். ஐ-70 சாலையில ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல இருக்கு. அங்கிருந்து சில்வர்தார்ன் வரைக்கும் எட்டு மைல்ல 2,000 அடிக்கு மேல இறக்கம். கணக்குப் போட்டா நம்ம வீட்டு மீட்டர்ல 13 யூனிட் கரண்ட் அளவு சக்தி. காத்தும் டயரும் கொஞ்சம் தின்னுடும். மிச்சம் முழுக்க பிரேக்ல சூடா இறங்கினா என்ன ஆகும்? "தம்பி, வாசனை வருதுடா"ன்னார் அண்ணன். பின்சீட்ல அண்ணியும் குழந்தையும். பிரேக் போன லாரிகள் ஏறி நிக்கிறதுக்காகப் போட்டிருக்கிற சரளைக்கல் மேட்டை அன்னைக்குத்தான் அவ்வளவு அக்கறையா பாத்தேன் :-)

ஒரு கடையில டர்போவையே மாத்தணும்னுட்டாங்க. சில ஆயிரம் டாலர் சமாச்சாரம். எனக்கு மனசு ஒப்பல.

ஆர்.பி.எம். குறைவா இருந்தா இந்த பிரேக் சுமாராத்தான் பிடிக்கும், அது இயல்பு. ஆனா டோ-ஹால் போட்டு, மூணாவது கியர்ல 2,800 சுத்தும்போதும் வண்டி ஓடிக்கிட்டே இருந்துச்சே! புகை வழியில ஓட்டையான்னு பாத்தோம். கறுப்புத் தடமும் இல்ல, டிக் டிக் சத்தமும் இல்ல. ஓ.பி.டி. கருவியை மாட்டி இறக்கைகளை ஆட்டிப் பாத்தோம். சொன்னபடி ஆடுச்சு. அப்ப டர்போ நல்லாத்தான் இருக்கு.

மறுநாள் காலையில இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்பினோம். ராத்திரி முழுக்க சும்மா நின்ன வண்டி. எக்ஸாஸ்ட் அழுத்தம் வெளிக்காத்தோட ஒத்துப்போகணும். இது 20 பி.எஸ்.ஐ. கூடுதலா காட்டுது! இல்லாத அழுத்தத்தை சென்சார் இருக்குன்னு சொல்ல, கம்ப்யூட்டர் "போதும்"னு இறக்கைகளைத் திறந்து விட்டிருக்கு. நம்ம தொழில்ல தினமும் பாக்கிறதுதான்: நிரல்ல குறை இல்ல, உள்ளே வர்ற டேட்டாதான் பொய்.

சென்சாருக்குப் போற குழாயைக் கழட்டினா கரி கெட்டியா அப்பியிருந்துச்சு. கம்பி விட்டுக் குடைஞ்சு சுத்தம் பண்ணி, சென்சாரைப் புதுசா மாட்டினோம். கேம்பரோட பிரேக் லைனிங் சூட்டுல கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்துச்சு, அதையும் மாத்தியாச்சு. அப்புறம்தான் மறுபடி அதே இறக்கம். மூணாவது கியர்ல 45 மைல்ல நின்னுச்சு. பிரேக்கை ரெண்டே தடவைதான் தொட்டார்.

இப்பல்லாம் கேம்பரை மாட்டுறதுக்கு முன்னாடி, சாவியைத் திருப்பி அந்த ஒரு எண்ணைப் பாத்துட்டுத்தான் அண்ணன் கிளம்புறார்.